வீட்டு வைஃபையும் ஊரார் போனும்

போன இதழில் ரவுட்டரை வீட்டில் எந்த மூலையில் வைத்தால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பலவும் சிக்னலை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டிருந்தன. என் நெட்டை வேறு யாராவது ஓட்டுகிறார்களா, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நிறுத்துவது? சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஃபைபர் இணைப்பு வாங்கி இரண்டு வருடமாகிறது. மாட்ட வந்த தம்பி என் செல்போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்து, "இதுன்னா மறக்காது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் தினமும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் போன் பார்க்கிறான். சந்தேகமாக இருக்கிறது, கேட்கவும் சங்கடம். (ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

பதில்: கேட்காமலே தெரிந்துகொள்ளலாம் சார். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று ஓர் எண்ணும், கூடவே ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் அச்சடித்திருக்கும். வீட்டு வைஃபையில் இருந்தபடியே அந்த எண்ணை பிரவுசரில் அடித்தால் ரவுட்டரின் லாகின் பக்கம் வரும். உள்ளே போனதும் 'கனெக்டெட் டிவைசஸ்' என்றோ 'கிளையன்ட் லிஸ்ட்' என்றோ, கம்பெனிக்கு ஒரு பெயரில், ஒரு பட்டியல் இருக்கும். வகுப்பு வருகைப்பதிவேடு மாதிரிதான் அது. வீட்டில் இரண்டு போன், ஒரு டிவி என்றால் மூன்று பேர் ஆஜராகியிருக்க வேண்டும், ஏழு பேர் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பெயர்களைப் பார்த்து எது யாருடையது என்று தெரியவில்லையா, உங்கள் வீட்டுச் சாமான்களில் ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்துக்கொண்டே வாருங்கள், கடைசியில் மிச்சம் நிற்பது உங்களுடையது இல்லை. சில ரவுட்டர்களில் போனவர்களின் பெயரும் கொஞ்ச நேரம் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவே வீடியோ பார்க்கிறது, உங்களுக்கு நெட் கொடுப்பவரின் லைனே அந்த நேரத்தில் திணறலாம். பையன் நிரபராதியாகவும் இருக்கக்கூடும்.

ஆனால் பாஸ்வேர்டு விஷயத்தில் உங்கள் சந்தேகம் முழுக்கச் சரி. உங்கள் செல்போன் நம்பர் தெரிந்த எல்லோருக்கும், அதாவது பால்காரரிலிருந்து பேங்க் வரைக்கும், உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் தெரியும். தெரியாதவர்களுக்கும் அது பெரிய பூட்டு இல்லை. ஒரு போன் உங்கள் ரவுட்டரோடு இணையும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பேச்சுவார்த்தை காற்றில் நடக்கும். தெருவில் லேப்டாப்போடு நிற்பவர் அதைப் பதிவுசெய்துகொண்டு வீட்டுக்குப் போய், ஆற அமர ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம், உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. நம் ஊர் செல்போன் எண் பத்து இலக்கம், 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிய எண்ணாக இருக்கிறது. கேம் ஆடுவதற்கு வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுக்கு மேல் சோதித்துவிடும், கணக்குப் போட்டால் 4000 நொடி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பிறந்த தேதி வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்: நூறு வருடத்துக்கே 36,525 தேதிகள்தான், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்காதீர்கள். 2021இல் சைபர்ஆர்க் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத் தெருக்களில் சுற்றி, 5000 வைஃபைகளின் இந்தப் பேச்சுவார்த்தைகளைப் பிடித்துவந்து சோதித்தார். ஏறக்குறைய 70 சதவீதம் திறந்துகொண்டன. முக்கியக் காரணம், அந்த ஊரிலும் ஆட்கள் செல்போன் நம்பரைத்தான் பாஸ்வேர்டாக வைக்கிறார்கள்! மறக்காது சார் என்று சொல்லும் தம்பிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போல.

இப்போது மாற்றும் வேலை. இரண்டு பாஸ்வேர்டு இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு, இன்னொன்று ரவுட்டரின் செட்டிங்கிற்குள் நுழைவதற்கு. முதலாவது தெருக்கதவுச் சாவி என்றால் இரண்டாவது பீரோச் சாவி. பலர் தெருக்கதவை மாற்றிவிட்டு பீரோவை அட்மின், அட்மின் என்று கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிடுகிறார்கள். வைஃபைக்குள் வந்த எவரும் அதைத் திறந்து உங்கள் புதுப் பாஸ்வேர்டையே பார்த்துக்கொள்ளலாம். அதனால் முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் (ஆமாம், காகிதத்தில்தான், உங்கள் பீரோவுக்குள் வந்து நோட்டுப் புரட்டுகிறவன் வைஃபை திருட வரவில்லை), அப்புறம் வைஃபை பாஸ்வேர்டுக்கு வாருங்கள். 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். முருங்கை, தபால், யானை, புழுங்கல், ஜன்னல் என்று எதையாவது. பழமொழியோ பாட்டு வரியோ திருக்குறளோ வேண்டாம், அவை இன்னொருவருக்கும் தெரியும். இங்கே நான் எழுதிய வரிசையையே வைத்துவிடவும் வேண்டாம், பத்திரிகை ஊரெல்லாம் போகிறது.

மாற்றும்போது ஒரு லேப்டாப்பை கேபிளில் ரவுட்டரோடு இணைத்துக்கொண்டால் வசதி. வைஃபையில் இருந்தே மாற்றினால் 'சேவ்' அடித்த நொடியே நீங்களும் வெளியே தள்ளப்படுவீர்கள், அது கோளாறு இல்லை, பயப்படாதீர்கள். அப்புறம் எல்லோரும் மறப்பது இது: இப்போதைய ரவுட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை இருக்கும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு, "பாஸ்வேர்டு மாத்தியும் பையன் பாக்கறான்" என்று எனக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் 5ஜி என்று ஒட்டிக்கொண்டு இன்னொன்று தெரிகிறதே, அதிலும் மாற்றுங்கள். செல்போன் கம்பெனிக்காரர்களின் 5ஜிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கேள்வி: அண்ணா, ரவுட்டர் செட்டிங்கில் செக்யூரிட்டி என்ற இடத்தில் ஓப்பன், வெப், டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, இரண்டும் கலந்தது, டபிள்யூபிஏ3, அதற்குள் டிகேஐபி, ஏஇஎஸ் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. எதை வைப்பது? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: டபிள்யூபிஏ3 இருந்து, வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களும் அதை ஏற்றுக்கொண்டால் அது. இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2, கூடவே ஏஇஎஸ் என்ற குறியாக்கம், அதாவது தரவைப் பூட்டும் முறை. வேறு எதையும் தொடாதேம்மா.

ஓப்பன் என்றால் பூட்டே இல்லை, மற்றவை எல்லாம் வைஃபையைப் பூட்டும் முறைகள். ஏன் இத்தனை என்றால், ஒவ்வொன்றும் முந்தையது உடைந்ததால் வந்தது. வெப் (WEP, இணையத்தைச் சொல்லும் வெப் இல்லை) 1997இல் வைஃபையின் முதல் தரநிலையோடு பிறந்தது. 2001இல் ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதன் குறியாக்கத்தில் உள்ள ஓட்டையை எழுதிக் காட்டிவிட்டார்கள். இன்றைக்கு அதை உடைக்க ஒரு காபி ஆறுகிற நேரம் போதும், பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பது அங்கே பொருட்டே இல்லை. பழைய கருவிகளை வீசாமல் ஒப்பேற்ற 2003இல் டபிள்யூபிஏ வந்தது, அதன் துணைதான் டிகேஐபி. 2004இல் ஒழுங்காகச் செய்த டபிள்யூபிஏ2 வந்தது. அது பதின்மூன்று வருடம் தாக்குப்பிடித்தது. 2017இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹோஃப் அதிலும் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தார், கிராக் என்று பெயர். ஆனால் அது போனிலும் ரவுட்டரிலும் அப்டேட் போட்டால் தீர்கிற கோளாறு, அதனால் அப்டேட்டான டபிள்யூபிஏ2 இன்னும் பிழைத்திருக்கிறது. 2018இல் வந்த டபிள்யூபிஏ3இன் பெரிய நன்மை, மேலே காரைக்குடி வாசகருக்குச் சொன்னேனே, காற்றில் பதிவுசெய்து வீட்டில் வைத்துச் சோதிப்பது, அது இதில் நடக்காது. ஒவ்வொரு முறையும் ரவுட்டரிடமே வந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகும் தெரியுமா? டபிள்யூபிஏ3 மட்டும் வைத்தால் நாலு வருடத்துக்கு முந்தைய பிரிண்டரோ, வைஃபையில் இயங்கும் பல்போ இணைய மறுக்கலாம். அதற்கென்று 2/3 கலந்த ஒரு தேர்வு இருக்கும், அதை வைத்துக்கொள்ளலாம், பாஸ்வேர்டை மட்டும் நீளமாக வை. டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 கலந்தது மட்டும் வேண்டாம், ஒரே ஒரு பழைய சாமானுக்காக டிகேஐபியை உயிரோடு வைத்திருப்பது வீண்.

கேள்வி: வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? பாஸ்வேர்டையும் தமிழிலேயே வைத்தால் யாராலும் உடைக்க முடியாதல்லவா? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: நல்ல ஆசை, பாதி நிறைவேறும். பெயர் வைக்கலாம், ஆனால் வைஃபை பெயருக்கு 32 பைட் இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று, அதுவும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கில் வரும். 'அம்மா வீடு' 28 பைட்டில் அடங்கிவிடும். 'எழில் இல்லம்' 34, இரண்டு பைட்டில் தோற்றுவிடும். சில பழைய ரவுட்டர்கள் தமிழைக் கண்டதும் கட்டம் கட்டமாகக் காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டில் ஆங்கில விசைப்பலகையின் எழுத்து, எண், குறிகளுக்கு மட்டும்தான் அனுமதி, தமிழ் ஏறாது.

பெயரில் வேறொரு விஷயம் இருக்கிறது. கம்பெனி வைத்த பெயரை மாற்றுவது நல்லது, ஏனென்றால் ரவுட்டர் உங்கள் பாஸ்வேர்டோடு வைஃபை பெயரையும் சேர்த்து அரைத்துத்தான் பூட்டைச் செய்கிறது. உலகத்தில் லட்சம் பேருக்கு இருக்கும் பெயர் என்றால் அதற்கு முன்கூட்டியே அரைத்து வைத்த மாவு, அதாவது தயாராகக் கணக்குப் போட்டு வைத்த பாஸ்வேர்டுப் பட்டியல், கிடைக்கும். அதற்காக வீட்டு எண்ணையும் மாடியையும் பெயரில் போட்டு விளம்பரம் செய்யவும் வேண்டாம்.

கேள்வி: என் அக்கா மகன் கம்ப்யூட்டர் படித்தவன். வைஃபை பெயரை மறைத்து வைத்து, மேக் ஃபில்டரும் போட்டுக் கொடுத்தான். "இனி சாமியே வந்தாலும் நுழைய முடியாது மாமா" என்றான். இரண்டு மாதம் கழித்து என் போனே நுழைய முடியவில்லை. (மளிகைக்கடைக்காரர், திண்டிவனம்)

பதில்: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மருமகன் மேல் தப்பில்லை, பத்து வருடத்துக்கு முன்னால் எல்லாப் பாடத்திலும் இதுதான் இருந்தது. மேக் என்பது ஒவ்வொரு வைஃபைச் சாமானுக்கும் உள்ள 12 இலக்க அடையாள எண். பட்டியலில் உள்ள எண்களை மட்டும் விடு, மற்றவர்களைத் தள்ளு என்பதுதான் ஃபில்டர். சிக்கல் என்னவென்றால், ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐஓஎஸ் 14, அதற்குப் பிந்தைய போன்கள் எல்லாம் தன் உண்மையான எண்ணைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் எண்ணைக் காட்டும், கடைக்குக் கடை யாரும் உங்களைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக. போனை மாற்றினீர்களோ, ரீசெட் செய்தீர்களோ, வைஃபையை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தீர்களோ, எண் மாறியிருக்கலாம், பூட்டு உங்களையே தள்ளிவிட்டது. போனில் அந்த வைஃபையின் செட்டிங்கிற்குள் போய் 'டிவைஸ் மேக்' என்று மாற்றினால் உண்மை எண் காட்டும், அதை ஃபில்டரில் போட்டால் சரியாகிவிடும்.

ஆனால் இத்தனை பாடும் எதற்கு? இந்த எண் காற்றில் குறியாக்கம் இல்லாமல்தான் போகிறது. பார்க்கத் தெரிந்தவன் உங்கள் போனின் எண்ணைப் பார்த்து, தன் லேப்டாப்புக்கு அதே எண்ணைச் சூட்டிக்கொண்டு வந்துவிடுவான். பெயரை மறைப்பதும் அப்படித்தான், இன்னும் மோசம். ரவுட்டர் பெயர் சொல்லாவிட்டால் உங்கள் போன்தான் போகிற இடமெல்லாம் "இன்னார் வீட்டு வைஃபை இருக்கா, இருக்கா" என்று கூவிக்கொண்டு போகும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். நீளமான பாஸ்வேர்டு போதும்.

கேள்வி: ரவுட்டர் பின்னால் டபிள்யூபிஎஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் பாஸ்வேர்டு இல்லாமலே டிவி சேர்ந்துகொள்கிறது. ஆபத்தா? (வாசகி, ஓசூர்)

பதில்: பட்டனைவிட அதன் கூடப்பிறந்த 'பின்' (PIN) நம்பர்தான் ஆபத்து, பட்டனை அமுக்குவதற்குப் பதில் அதை அடித்தும் சேரலாம். எட்டு இலக்கம், பத்து கோடி சாத்தியம் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, போதாக்குறைக்கு ரவுட்டர் முதல் நான்கு சரியா, பின் பாதி சரியா என்று தனித்தனியாகப் பதில் சொல்லிவிடும். ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிதான். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபாக் இதை வெளியிட்டார். சில மணி நேர வேலை. புதிய ரவுட்டர்கள் சில தப்புக்கு மேல் பூட்டிக்கொள்கின்றன என்றாலும், டிவியைச் சேர்த்து முடித்ததும் செட்டிங்கில் டபிள்யூபிஎஸ்ஸை மொத்தமாக அணைத்துவிடுங்கள். எப்போதாவது தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: பெண்கள் விடுதி நடத்துகிறேன், நாற்பது பேர் தங்கியிருக்கிறார்கள். ஒரே வைஃபை பாஸ்வேர்டு. காலி செய்துபோன பெண்களிடமும் அது இருக்கிறது, அவர்கள் தோழிகளிடமும் இருக்கிறது, கீழே டீக்கடையில்கூட ஓடுகிறது என்கிறார்கள். மாதா மாதம் மாற்றினால் நாற்பது பேரும் என் அறைக்கு வந்து நிற்கிறார்கள். ஆளுக்கொரு லாகின் கொடுக்க முடியுமா? வேண்டாத வேலையா அது? (விடுதி உரிமையாளர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டிய வேலைதான் அம்மா, இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். நாற்பது பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் அதற்குப் பெயர் பாஸ்வேர்டு இல்லை, நோட்டீஸ். இப்போதைய போன்களில் வைஃபையைத் தட்டினால் ஒரு க்யூஆர் கட்டம் வரும், பல போன்களில் அதன் அடியிலேயே பாஸ்வேர்டும் எழுத்தாகத் தெரியும். யாரும் யாரிடமும் கேட்கக்கூட வேண்டியதில்லை. இன்னொரு சங்கதி, டபிள்யூபிஏ2இல் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர், கொஞ்சம் வித்தையும் தெரிந்திருந்தால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் தரவைக் காற்றிலிருந்து பிரித்துப் பார்க்கலாம். பேங்க், வாட்ஸ்அப் எல்லாம் தனிக் குறியாக்கத்தில் போவதால் உள்ளே என்ன என்று தெரியாது. ஆனால் யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்கிற அளவுக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. பெண்கள் விடுதியில் அதுவே அதிகம்.

உங்கள் முன் மூன்று வழி இருக்கிறது.

பெரிய அலுவலகங்களும் கல்லூரிகளும் செய்வது 802.1எக்ஸ். ரவுட்டரின் செக்யூரிட்டி பட்டியலில் 'டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ்' என்று இருப்பது இதுதான். அதைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டு கேட்காது, ரேடியஸ் சர்வரின் முகவரி, போர்ட் 1812, ஒரு ரகசியச் சொல் ஆகியவற்றைக் கேட்கும். ரேடியஸ் சர்வர் என்றால் வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி. பெண் தன் போனில் தன் யூசர்நேமும் பாஸ்வேர்டும் போடுவாள், ரவுட்டர் தானாக முடிவெடுக்காது, காவலாளியிடம் கேட்டு, சரி என்றால்தான் விடும். ஒவ்வொருவருக்கும் தனிக் குறியாக்கச் சாவியும் கிடைக்கும். ஒருத்தி காலி செய்தால் அவள் பெயரை மட்டும் அடித்துவிட்டால் போதும், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் ஒன்றும் தெரியாது. எடுரோம் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள், தன் கல்லூரி லாகினை வைத்து வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் வைஃபை பெறுவது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஆரம்பித்து இன்று நூறு நாடுகளுக்கு மேல் இருக்கும் அது முழுக்க முழுக்க இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது, இந்தியாவில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான வலையமைப்பான எர்னெட் அதைக் கவனிக்கிறது. மென்பொருளுக்குக் காசு இல்லை, ஃப்ரீரேடியஸ் இலவசம், ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில்கூட நாற்பது பேருக்குத் தாராளமாக ஓடும். ஆனால் அதை நிறுவி, அது போலி இல்லை என்று போன்களுக்குக் காட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் செய்து, ஒவ்வொரு போனிலும் அந்தச் சான்றிதழைச் சரிபார்க்கும்படி அமைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். "சரிபார்க்க வேண்டாம்" என்று தட்டிவிட்டால், வாசலில் யாராவது உங்கள் வைஃபை பெயரிலேயே ஒரு போலி ரவுட்டரை வைத்து அந்தப் பெண்களின் லாகினைக் கறந்துவிடலாம். பிரிண்டர், டிவி போன்றவை பெரும்பாலும் இந்த முறையில் சேரவும் சேராது. ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் நின்றால் நாற்பது பேரும் யாரைத் தேடி வருவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, லாட்ஜ்களில் பார்த்திருப்பீர்கள், வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து கூப்பன் எண் கேட்கும். மைக்ரோடிக் ரவுட்டர்களில் ஹாட்ஸ்பாட் என்ற பெயரில் உள்ளேயே இருக்கிறது, டிபி லிங்க்கின் ஓமாடாவிலும் கூப்பன் அடித்துக் கொடுக்கலாம். முப்பது நாள் கூப்பன் என்றால் முப்பதாம் நாள் தானாக நின்றுவிடும், வாடகையோடு கூப்பனையும் கொடுத்துவிடலாம். வசூலுக்கு நல்ல உபாயம். ஆனால் இது ஆள் யார் என்று பார்ப்பதோடு சரி, காற்றில் போவதைப் பூட்டாது. பல இடங்களில் கூப்பன் பக்கம் இருக்கிறதே என்று வைஃபையைத் திறந்தே விட்டிருப்பார்கள். கூப்பனும் வையுங்கள், கீழே டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டும் வையுங்கள்.

மூன்றாவதைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். பிபிஎஸ்கே என்று பெயர். வைஃபை பெயர் ஒன்று, ஆனால் அறைக்கொரு பாஸ்வேர்டு. போனில் வழக்கம்போலப் பாஸ்வேர்டு மட்டும் அடித்தால் போதும், சான்றிதழ் கிடையாது, டிவியும் சேரும். 7ஆம் அறை காலியானால் 7இன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுகிறீர்கள். டீக்கடையில் ஓடுவது எந்த அறையின் பாஸ்வேர்டு என்பதும் தெரிந்துவிடும், அதுவே பாதிப் பேரை அடக்கிவிடும். வீட்டுக்கு வாங்கும் சாதாரண ரவுட்டரில் இது பெரும்பாலும் இருக்காது. ஓமாடா மாதிரி அலுவலகங்களுக்கென்று வரும் அக்சஸ் பாயின்ட்டுகளில் (வைஃபை பரப்பும் பெட்டிகளில்) இருக்கும், வாங்கும் முன் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நாற்பது பேருக்கு எப்படியும் ஒரு வீட்டு ரவுட்டர் போதாது. அதோடு 'ஐசொலேஷன்' என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள், ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் லேப்டாப்பை எட்ட முடியாது.

வேண்டாத வேலையா என்று கேட்டீர்களே. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீஸ் அது வந்த வழியைத் தேடிக்கொண்டு போய் நின்றது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்க அந்த மனிதர் பட்ட பாடு அன்றைய செய்தித்தாள்களில் வந்தது. அடுத்த வருடமே தொலைத்தொடர்புத் துறை, பொது இடத்தில் வைஃபை தருகிறவர்கள் பயன்படுத்துபவர் யார் என்று தெரிந்துகொண்டுதான் தர வேண்டும் என்று இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. ரயில் நிலையத்தில் வைஃபைக்கு செல்போன் எண் கேட்டு ஓடிபி அனுப்புகிறார்களே, அது இப்படி வந்ததுதான். உங்கள் விடுதியில் எந்தத் தேதியில் எந்த அறைக்கு எந்தப் பாஸ்வேர்டு என்று ஒரு நோட்டில் எழுதி வந்தாலே நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒன்று இருக்கும்.

கேள்வி: ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டது. பின்னால் உள்ள துளையில் ஊசியால் குத்தினால் சரியாகிவிடும் என்கிறார்களே? (பலர்)

பதில்: கடையில் வாங்கிய தனி ரவுட்டர் என்றால் தாராளமாகக் குத்துங்கள், பத்து நொடி அமுக்கிப் பிடித்தால் புதிதாக வாங்கிய நிலைக்குப் போய்விடும், ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டு வேலை செய்யும். ஆனால் ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி என்றால் கையை எடுங்கள். அதற்குள் அவர்கள் போட்டு வைத்த இணைப்பு லாகினும் சேர்ந்து அழிந்துபோகலாம், அப்புறம் ஆள் வரும்வரை வீட்டில் நெட் இருக்காது. எனக்கே ஒரு தீபாவளி வாரத்தில் நடந்தது. அவர்கள் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு, "நாங்கள் சொன்னால் தூரத்திலிருந்தே மாற்றிக் கொடுப்பீர்களா" என்று முதலில் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் முடியும்.

கேள்வி: வாசலில் வைஃபை கேமரா மாட்டியிருக்கிறோம், இரண்டு டிவி, பேரன் பேத்தி வந்தால் அவர்கள் போன்கள். எல்லாமே ஒரே வைஃபையில் இருக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பிரித்து வையுங்கள். 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று உங்கள் ரவுட்டரில் இருக்கும், அதைப் போட்டு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு கொடுத்தால், அதில் சேர்பவர்களுக்கு இணையம் மட்டும்தான் கிடைக்கும், உங்கள் லேப்டாப்பையும் ரவுட்டர் செட்டிங்கையும் எட்ட முடியாது. வருகிற போகிறவர்களுக்கும் அது, கேமராவுக்கும் அது. கேமராவை ஏன் விருந்தாளிகளோடு வைக்கச் சொல்கிறேன் என்றால், 2016இல் மிராய் என்றொரு நச்சுநிரல் வந்தது. பெரிய மூளை எதுவும் அதற்கு இல்லை, கம்பெனிகள் வழக்கமாக வைக்கும் அறுபதுக்கு மேற்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அதிலேயே லட்சக்கணக்கான கேமராக்களும் ரவுட்டர்களும் விழுந்தன. அவற்றைக் கொண்டு அந்த வருடம் அக்டோபர் 21 அன்று, தளத்தின் பெயரை அடித்தால் அதன் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை. அப்படிக் கைமாறிய கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, கேமரா வழக்கம்போல வாசலைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதனால் கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், ரவுட்டரில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' (வெளியிலிருந்தும் செட்டிங்கைத் திறக்க விடுவது) என்று ஒன்று 'ஆன்' ஆகியிருந்தால் அணையுங்கள், ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) அப்டேட் தானாக நடக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். கெஸ்ட்டில் சேர்த்த பிறகு கேமராவின் ஆப் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், கேமராவை அமைக்கும்போது மட்டும் உங்கள் போனையும் அதே கெஸ்ட்டில் வைத்து, கெஸ்ட்டுக்குள் ஒன்றையொன்று பார்க்கலாம் என்ற தேர்வைக் கொஞ்ச நேரம் போட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தூங்கும்போது ரவுட்டரை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: அணையுங்களேன், கரண்ட் மிச்சம். அப்டேட் மட்டும் நடுராத்திரியில் வருகிற மாதிரி வைத்திருந்தால் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.